கறி சாப்பிடுகிறவர் அவர், கொழுப்பு மட்டும் எனக்கா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து 52 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கம் இது:

“வீட்டிலேயே நாலு விசைத்தறி. நான் தறிக்கு நூல் தார் சுற்றுவேன், கணக்குப் பார்ப்பேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ. மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல் எல்லாம் இருக்கிறது. வயசாச்சு என்று விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 262, எல்டிஎல் 171, எச்டிஎல் 41, ட்ரைகிளிசரைடு 248, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, கல்லீரல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள், வாங்கவில்லை. முட்டை, நிலக்கடலை, தேங்காய் மூன்றையும் விட்டேன். ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்ட எண்ணெய்க்கு மாறினேன். காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் கொள்ளு ரசம், ராத்திரி சோற்றுக்குப் பதில் ஜவ்வரிசிக் கஞ்சி, டீயோடு கோதுமை ரஸ்க். போன வாரம் திரும்பப் பார்த்தால் எல்டிஎல் 168, ட்ரைகிளிசரைடு 263. வாரம் தவறாமல் கறி சாப்பிடுகிற என் வீட்டுக்காரருக்கு எல்லாம் நார்மல். நான் என்ன தப்புச் செய்தேன்? என் அப்பா 53 வயதில் மாரடைப்பில் போனவர். மகனுக்கு 26 வயது, அவனையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. மாம்பழக் காலம் வேறு வருகிறது, தொடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று மாதம் வாயைக் கட்டியிருக்கிறீர்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் விடக்கூடாததை விட்டு, சேர்க்கக்கூடாததைச் சேர்த்திருக்கிறீர்கள். கடலையையும் முட்டையையும் விட்டிருக்கவே வேண்டாம். ஜவ்வரிசியும் ரஸ்க்கும் உங்கள் ரிப்போர்ட்டுக்கு ஆகாதவை. எண்கள் நகராமல் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் விஷயம். ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிக்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. செல்களின் சுவருக்கு, ஹார்மோன்களுக்கு, பித்தநீருக்கு அது வேண்டும். சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால், பெரும்பாலானவர்களின் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். உணவில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015-இல் கைவிட்டதற்கும் இதுமாதிரியான காரணம்தான். எவ்வளவு தயாரிப்பது, ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாகத் திரும்ப எடுப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதில் பெரும்பகுதி அப்பா அம்மா கொடுத்தது.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிற எல்டிஎல் ஏறும். அதுவரை நார்மலாக இருந்த ரிப்போர்ட் ஐம்பதை ஒட்டித் திடீரென்று மாறுவதை அடிக்கடி பார்க்கிறோம். மாரடைப்பு ஆண்களின் வியாதி என்று நம்பி, வீட்டில் ஆண்களை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று. அவருடைய ரிப்போர்ட் நார்மலாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குக் கிடைத்த அனுமதியாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதையும் சொல்லிவிடுங்கள்.

எல்டிஎல் என்பது கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் போகும் துகள். லீ பஜாருக்கு வருகிற சரக்கு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரலின் செல்களில் இந்த லாரிகளைப் பிடித்து இறக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். மருத்துவத்தில் ஏற்பிகள் என்போம். ஆட்கள் போதுமான அளவு இருந்தால் தெரு காலியாக இருக்கும். குறைந்தால் லாரிகள் தெருவிலேயே நிற்கும். வருஷக்கணக்கில் இப்படி நின்றால் சரக்கு ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து படியும். இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெய், பாமாயில், ஆட்டுக்கொழுப்பு, பாலாடை ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இறக்குகிற ஆட்கள் குறைகிறார்கள். சில வகை நார்ச்சத்தைக் கூட்டினால் அதிகமாகிறார்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையும் கடைசியில் செய்வது அதையேதான்: ஆட்களைக் கூட்டுவது.

ஆட்களைக் குறைக்கிற இன்னொரு காரணத்துக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அது. அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல் என்று எழுதிவிட்டு வயசாச்சு என்று நீங்களே பதிலும் சொல்லிக்கொண்டீர்கள். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இதே மூன்றும் வரும், எடையும் ஏறும், எல்டிஎல்லும் ஏறும். இந்த வயதுப் பெண்களிடம் இது சர்வசாதாரணம். இந்த வாரமே டிஎஸ்எச் என்கிற தைராய்டு பரிசோதனையைச் செய்துவிடுங்கள். தைராய்டு குறைவு என்று வந்தால் முதலில் அதற்குத்தான் மருந்து. அது சரியானால் கொலஸ்ட்ரால் தானே கணிசமாக இறங்கக்கூடும். அதைக் கவனிக்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கினால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

தைராய்டு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. கொலஸ்ட்ரால் என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம். ஒன்று எல்டிஎல் 171. இன்னொன்று, ரத்தத்தில் ஓடுகிற வேறொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 248. முதலாவது எந்த வகைக் கொழுப்பைச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆடும். இரண்டாவது பெரும்பாலும் மாவு, சர்க்கரை, மது, உடல் எடை சம்பந்தப்பட்டது: தேவைக்கு மீறி வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. 150-க்குள் இருக்க வேண்டியது உங்களுக்கு இப்போது 263. அதோடு, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்கிற, பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்க வேண்டிய எச்டிஎல் 41. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. நூறிலிருந்து 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாக மசிவதில்லை என்று அர்த்தம். எண்ணெயைக் குறைப்பதால் மட்டும் இது தீராது. சோறு, மாவு, இனிப்பு பக்கம் கை வைத்தாக வேண்டும்.

அந்த நேரத்தில் போய் நீங்கள் ஜவ்வரிசிக்கு மாறியிருக்கிறீர்கள். சேலத்துக்காரரிடம் ஜவ்வரிசியைக் குறை சொல்வது எனக்கும் சங்கடம்தான். மரவள்ளிக் காடும் சேகோ ஆலையும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்க ஏலமுமாக நம் மாவட்டத்துக்குச் சோறு போடுகிற பயிர். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். 100 கிராம் ஜவ்வரிசியில் 87 கிராம் அளவுக்கு வெறும் மாவுச்சத்து. புரதம் ஒரு கிராம்கூட இல்லை, நார்ச்சத்து பெயருக்குத்தான். காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோமே, சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சேர்கிறது என்பதற்காகத்தானே? அந்தக் குணமே உங்கள் நிலைமைக்கு எதிரானது. சர்க்கரையும் பாலும் சேர்த்தால் இன்னும் மோசம். 248 என்பது 263 ஆனதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ட்ரைகிளிசரைடு ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையிலேயே அந்த அளவு ஏறி இறங்கும். ஆனால் குறையாமல் போனதில் அதற்குப் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஒரு கிண்ணம் இருந்துவிட்டுப் போகட்டும், தினம் ராத்திரி வேண்டாம்.

கோதுமை ரஸ்க் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் முதலில் வருவது மைதா, அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில். கோதுமை படத்தில்தான் பெரிதாக இருக்கும். டால்டா வகையறாக்களில் உள்ள ட்ரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் இந்தியாவில் 2 சதவீத உச்சவரம்பு வந்துவிட்டது. அது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அந்த இடத்தைப் பிடித்தது பெரும்பாலும் பாமாயில்தான். ஆகவே பேக்கரிச் சாமான் நல்லதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு வருவோம். ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் அதில் சொல்லப்படும் விசேஷம் ஒன்றுமே இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலிலும் கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80-க்கு மேல், நெய்யில் 60-க்கு மேல், சமையல் பாமாயிலில் 40-க்கு மேல். கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவில், சூரியகாந்தியில் அதைவிடக் குறைவு. நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கிறேன்: ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்குகிற பாமாயில் வீட்டில் என்ன ஆகிறது? தாளிக்க ரீஃபைண்டும், வடை, பஜ்ஜி, அப்பளத்துக்குப் பாமாயிலும் என்பது நம் பக்கத்து வழக்கம். அப்படியென்றால் ‘கொலஸ்ட்ரால் இல்லாத’ எண்ணெய் வாங்கியதால் பெரிய மாற்றம் வந்திருக்காது. அதே ரேஷனில் கிடைக்கிற துவரம்பருப்பை மட்டும் ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் போதும். மரச்செக்கா, மில்லா என்பது உங்கள் விருப்பம், பாக்கெட்டின் கனம். செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். ஒரு ஸ்பூனுக்கு ஏறுகிற கலோரி ஒன்றுதான். ஆகவே அளவைப் பாருங்கள். வீட்டில் நாலு பேர் என்றால் மாதத்துக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டருக்குள் எல்லா எண்ணெயும் சேர்த்து அடங்க வேண்டும். ஐந்து லிட்டர் டின் முப்பது நாளில் காலியாகிறது என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் உள்ளே போகிறது. இது இரண்டு மடங்கு, அதுவும் வெளியில் சாப்பிடுவதைச் சேர்க்காமல்.

வெளியில் என்றதும் தட்டுவடை செட்டு. நீங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மாபேட்டையில் இருந்துகொண்டு சாயங்காலம் அதைத் தாண்டிப் போகிறவர் யாரும் இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அதில் வெங்காயம், காரட், பீட்ரூட் எல்லாம் நல்ல பிள்ளைகள். மேலும் கீழும் இருக்கிற இரண்டு தட்டைகள்தான் தகராறு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்தது என்றால் இன்னும் மோசம். முழுக்க விடச் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. வீட்டில் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டல் செய்து, அதன்மேல் அதே துருவலும் பச்சைச் சட்னியும் எலுமிச்சையும் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். நாக்குக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தச் சட்னிதான். கடைச் செட்டை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலக்கடலையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி, 30 கிராம், வேகவைத்தோ உப்பில்லாமல் வறுத்தோ தினம் சாப்பிடலாம். கொட்டை வகைகள் எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கவே செய்கின்றன. பாதாம் வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டிய அவசியம் இல்லை. கடலை மிட்டாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பாதி வெல்லம். முட்டையும் வரட்டும்: ஒரு மஞ்சள்கருவில் 200 மில்லிகிராம் அளவில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அதனால் உங்கள் எல்டிஎல் இறங்கும்வரை வாரத்துக்கு மூன்று, நாலு முழு முட்டை, வெள்ளைக்கருவுக்குக் கட்டுப்பாடு இல்லை. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல் நாட்டுக்கே முட்டை அனுப்புகிறது, பக்கத்திலிருக்கிற நாம் மட்டும் பயந்து ஒதுக்குவானேன்? தேங்காயில், சட்னிக்கு அரைக்கிற இரண்டு ஸ்பூன் பரவாயில்லை. தேங்காய்ப்பால் குருமாவும் கெட்டிக் குழம்பும் இப்போதைக்கு வேண்டாம்.

கொள்ளு ரசம் குடிக்கிறீர்கள், நல்லது. வெந்த கொள்ளு எங்கே போகிறது? மாட்டுத் தொட்டிக்கு என்றால், உங்களுக்கு வேண்டியதை மாடு சாப்பிடுகிறது. கொலஸ்ட்ராலைப் பிடிக்கிற கரையும் நார்ச்சத்தும் புரதமும் பருப்பில்தான் இருக்கின்றன, தண்ணீரில் இல்லை. இந்த நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். ஆகவே கொள்ளுப் பருப்பைக் கடைந்து, களியோடு சாப்பிடுங்கள். நம் ஊர்ச் சாப்பாடுதானே. வெந்தயமும் அப்படியே: ராத்திரி ஊறவைத்துத் தண்ணீரை மட்டும் குடிக்காமல் வெந்தயத்தையும் மென்று தின்றால் ஏதோ கொஞ்சம் பலன் உண்டு. மருந்துக்கு மாற்று என்று நினைக்க வேண்டாம். பூண்டும் அதே கதைதான்.

ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கலாம் என்றால், காலையில் ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு ராகிக் களி உருண்டையும் கொள்ளுக் கடைசலும் கீரையும். அல்லது மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார். மதியம் தட்டில் பாதியைக் காயும் கீரையும் அடைத்துக்கொள்ள வேண்டும்: அவரை, கொத்தவரங்காய், கத்தரி, வெண்டை, முருங்கை எதுவானாலும். மீதியில் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் பருப்போ தட்டைப்பயறுக் குழம்போ. மோர் தாராளமாக. ராத்திரி எட்டு மணிக்குள் காய் போட்ட சாமை உப்புமாவோ, கடலைக் குழம்போடு இரண்டு சப்பாத்தியோ. சேர்வராயன், கல்வராயன் மலைகளிலிருந்து வருகிற சாமை, தினை நல்ல தானியங்கள்தான். ஆனால் ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் சமையலறையில் இருக்கிற பயறுகளே போதும்.

டீ எத்தனை என்று எழுதவில்லை. தறி ஓடுகிற வீட்டில் நாலுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு எட்டு ஸ்பூன், 40 கிராம் அளவுக்கு வந்துவிடும். உங்கள் ட்ரைகிளிசரைடுக்கு இது ஒன்றே போதும். டீயை இரண்டாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள். பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் என்றால் நீலத்துக்கு மாறுங்கள். அதில் 6 சதவீதம் கொழுப்பு, இதில் 3. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் இந்த விஷயத்தில் சர்க்கரையின் சொந்தக்காரர்கள்.

கறி நீங்கள் அதிகம் சாப்பிடுவதில்லை என்று தெரிகிறது. சாப்பிடும் நாளில் தோலில்லாத கோழியோ மீனோ நல்லது. மத்தி, அயிலை கிடைத்தால் பிரமாதம், மேட்டூர் மீனும் குறைவில்லை. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். மூளை வறுவல் மட்டும் உங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

மாம்பழம் தொடலாம். அதில் கொலஸ்ட்ரால் இல்லை, சர்க்கரைதான் கணக்கு. ஒரு மல்கோவாவை முழுதாக உரித்து ஒரே ஆளாக முடிக்கிற பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் நாலைந்து துண்டு. அன்றைக்கு ஒரு இட்லியோ அரைக் கிண்ணம் சோறோ குறைத்துக்கொண்டால் போயிற்று. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவோ ஜூஸாகவோ வேண்டாம். மற்ற மாதங்களில் கொய்யா உங்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

நடப்பது எல்டிஎல்லைப் பெரிதாக இறக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ட்ரைகிளிசரைடு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் அதைவிட மலிவான வழி கிடையாது. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். காலையில் அரை மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம். சர்க்கரைக்கு இதுவே மேல். குமரகிரி மலைக்கோயில் உங்களுக்குப் பக்கம். ஆனால் எடுத்த எடுப்பில் படியேற வேண்டாம். அப்பாவின் கதை இருப்பதால் ஒரு ஈசிஜி எடுத்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு, சமதரையில் ஒரு மாதம் நடந்தபிறகு படிக்குப் போகலாம். தார் சுற்றும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தறிகளை ஒரு சுற்று வாருங்கள். எடையில் நாலைந்து கிலோ குறைந்தாலே ட்ரைகிளிசரைடு இறங்குவது ரிப்போர்ட்டில் தெரியும்.

இனி மாத்திரை. கணக்காகவே பார்ப்போம். மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எல்டிஎல் 10 முதல் 15 சதவீதம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். 171 என்பது 150-க்குப் பக்கத்தில் வரும். உங்கள் அப்பா 53 வயதில் போனவர். ஆண்களுக்கு 55 வயதுக்குள் வருவதைச் சீக்கிரம் வந்த இதயநோய் என்போம், அது பிள்ளைகளின் ஆபத்தையும் கூட்டும். சர்க்கரை வாசலில் நிற்கிறது. இந்த நிலையில் 150 போதாது, நூறுக்குள் வருவது நல்லது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் ஏறத்தாழ 35 சதவீதத்துக்கு மேல் இறக்கும். 150-லிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், நூறுக்குக் கீழே வந்துவிடும். உணவு மட்டும் என்றால் எட்டாது. மாத்திரை மட்டும் என்றால் எல்டிஎல் இறங்கினாலும் ட்ரைகிளிசரைடு கொஞ்சம்தான் இறங்கும், சர்க்கரை இறங்காது. அதனால்தான் உங்களுக்கு இரண்டும் வேண்டும் என்கிறேன். அளவாகச் சாப்பிட்டும் மாத்திரை தேவைப்பட்டால் அது உங்கள் தோல்வி இல்லை, உங்கள் கல்லீரலின் சுபாவம்.

நிறுத்தவே முடியாதா என்றால், நிறுத்தலாம். எந்த அடிமைத்தனமும் வராது. நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தானே? கல்லீரலைக் கெடுக்கும் என்பது மிகைப்படுத்திய பயம். தொடங்குமுன் எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் பரிசோதனையைப் பார்த்துக்கொள்வது வழக்கம். கடுமையான பாதிப்பு மிக அரிது. சர்க்கரை லேசாக ஏறலாம், உங்களுக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம், ஆனால் மாரடைப்பைத் தடுக்கிற நன்மை அதைவிடப் பெரிது. தசைவலி சிலருக்கு வரும். வந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். சிறுநீர் கறுத்துப் போனாலோ தாங்க முடியாத வலி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போங்கள். ‘கெமிக்கல்’ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்த மருந்துக் குடும்பத்தின் முதல் பொருளை 1970-களில் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ கண்டெடுத்தது ஒரு பூஞ்சாணத்திலிருந்து, பெனிசிலின் கொடுத்த பூஞ்சாணத்துக்கு அது உறவு. கொழுப்பைக் கரைக்கும் லேகியம், சூரணம் என்று ஏதாவது எடுப்பதாக இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பப் போங்கள். மூன்று மாதமாக வாங்கவில்லை என்பதையும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். டிஎஸ்எச்சோடு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற எச்பிஏ1சி, எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார். ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு நார்மல் என்றால் அவர் சொல்கிற நாளிலிருந்து மாத்திரை. உணவு மாற்றத்தை நாளையே தொடங்கலாம். எட்டு வாரத்தில், பத்து மணி நேரம் வெறும் வயிற்றோடு, அதே லேபில் திரும்பப் பாருங்கள். அதற்கு முன்னால் வாராவாரம் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மாரடைப்பு பெண்களுக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. திடீர் மூச்சிரைப்பு, தாடையில் அல்லது முதுகில் வலி, வாந்தி உணர்வு, குளிர்ந்த வியர்வை என்று வரும். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-லிருந்து நம் மாநிலத்தில் நடக்கிறது. அந்த முதல் மாத்திரைகளில் ஒன்று, நீங்கள் வாங்கப் பயந்த அதே அட்டோர்வாஸ்டாட்டின்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் எல்டிஎல் 190-ஐத் தாண்டாததால், ஒற்றை மரபணுவில் வருகிற கடுமையான பரம்பரை வகையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கண் இமையில் மஞ்சள் தடிப்பு, குதிகால் தசைநாணில் முண்டு என்று குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மட்டும் அதை டாக்டரிடம் காட்டுங்கள். எப்படியானாலும் 26 வயதில் அவர் ஒருமுறை லிப்பிட் என்கிற ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நார்மலாக வந்தால் அடுத்தது நாலைந்து வருஷம் கழித்துப் போதும். புகை பிடிக்கிறவர் என்றால், தாத்தாவின் வயதை நினைவில் வைத்து, அதை முதலில் விடச் சொல்லுங்கள்.